பல்லாவரத்துக் கல்

போட்டித் தேர்வு நோட்ஸ்ல ஒரே வரிதான்: 1863, பல்லாவரம், ராபர்ட் புரூஸ் ஃபூட், கைக்கோடரி. ஒரு மார்க்.

ஃபூட் ஒரு நிலவியலாளர். மே 30 அன்னிக்கு, ராணுவ மைதானம் பக்கத்துல சரளை தோண்டின குழியில அந்தக் கல் கிடைச்சுது. அதே சரளையை எத்தனையோ பேர் மிதிச்சுட்டுப் போயிருப்பாங்க. இவர் கண்ணுல மட்டும் ஏன் பட்டுச்சு?

பிரான்ஸ்ல சோம் பள்ளத்தாக்குல கிடைச்ச இதே மாதிரி கற்கள் ஆதிமனுஷன் செஞ்சதுதான்னு 1859-ல பிரிட்டிஷ் அறிஞர்கள் ஒத்துக்கிட்டாங்க. அதை ஃபூட் படிச்சிருந்தார். எக்ஸ்ரேல மயிரிழை முறிவைப் பிடிக்கிற மாதிரிதான். என்ன தேடணும்னு முன்கூட்டியே தெரியணும்.

செப்டம்பர்ல வில்லியம் கிங்கோட அத்திரம்பாக்கம் போனார். அங்க கிடைச்ச கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம்னு 2011-ல சாந்தி பப்பு குழு சொல்லுச்சு. நோட்ஸ் 'பழைய கற்காலம்'னு ரெண்டே வார்த்தையில முடிச்சுடுது.

ஃபூட் சேகரிச்ச கற்கள் எழும்பூர் மியூசியத்துல இருக்கு, தம்பிகளா. தாம்பரத்துல இருந்து நேரா லோக்கல் டிரெயின்.