எண்ணெய் விளக்கில் ஓடிய ரோம்

1881-ல் இத்தாலியில் பழைய ரோமானிய நகரான பாம்பேயின் ஒரு வீட்டைத் தோண்டியபோது ஒரு பெட்டி கிடைத்தது. தென் பிரான்சுப் பகுதியிலிருந்து வந்த 90 சிவப்புக் கிண்ணங்கள். கூடவே 37 மண் விளக்குகள். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பல் கொட்டியபோது அந்தச் சரக்கை இன்னும் பிரித்து அடுக்கியிருக்கவில்லை. மண் விளக்கு அப்போதே மொத்த வியாபாரப் பொருளாகிவிட்டது.

நம் அகலைப் போல இது வாய் திறந்ததல்ல. உள்ளங்கையில் அடங்கும் மூடிய விளக்கு. மேலே எண்ணெய் ஊற்ற ஒரு துளை, முன்னால் திரிக்கு மூக்கு, பல விளக்குகளில் பின்னால் விரல் நுழையும் வளையப் பிடி. மேல் பாதிக்கு ஓர் அச்சு, கீழ் பாதிக்கு ஓர் அச்சு. இரண்டிலும் களிமண்ணை அழுத்தி எடுத்து, ஈரம் காய்வதற்குள் ஒட்டி, துளையிட்டுச் சூளையில் வேகவைத்தார்கள். முகப்பில் வாள்வீரர்கள், தேரோட்டம், தெய்வங்கள் என்று ஊர் விரும்பிய படங்கள். வட இத்தாலியின் மோதெனா பட்டறைகளோ படத்தைக் குறைத்து, அடியில் பெயரைப் பொறித்தன. அவற்றுள் 'ஃபோர்டிஸ்' என்ற பெயருக்கு அத்தனை மவுசு! தூர மாகாணக் குயவர்கள் அசல் விளக்கின் மேலேயே அச்செடுத்துப் போலிகளைச் செய்தார்கள். காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்குவதால், போலி அசலைவிடச் சற்றுச் சிறுத்திருக்கும். அதை வைத்தே ஆய்வாளர்கள் இன்று அடையாளம் காண்கிறார்கள்.

வீட்டுக்கும் கடைக்கும் மட்டுமல்ல, கோயில் காணிக்கைக்கும் விளக்கு வேண்டும். இறந்தவரோடு கல்லறையில் வைக்கவும் வேண்டும். வெற்றித் தேவதையின் உருவத்தோடு புத்தாண்டு வாழ்த்துப் பொறித்த விளக்குகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். பண்டிகைக்குப் பரிசான அதே விளக்கு, சுரங்கத்தில் உழைப்பை அளந்தது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பகலையே காணாமல் விளக்கொளியில் பாறை குடைந்தார்கள் என்றும், விளக்கு எரியும் நேரமே அவர்களுடைய வேலைமுறைக்குக் கணக்கு என்றும் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். ரோமின் பொன்னைப் பற்றிப் பேசும்போது, அந்த இருட்டில் உழைத்தவர்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

விளக்கை ஒருமுறை வாங்கினால் போதும். எண்ணெய்க்குத்தான் ஓயாத செலவு. சமையலுக்கும் உடம்பில் பூசவும் விளக்குக்கும் ஒரே ஆலிவ் எண்ணெய்தான். பெருமளவு ஸ்பெயினிலிருந்து ஜாடிகளில் கப்பலேறி வந்தது. காலி ஜாடிகளை உடைத்துக் கொட்டிக் கொட்டியே ரோம் நகரில் ஒரு குன்று எழுந்தது. மோந்தே தெஸ்தாச்சோ எனப்படும் அது இன்றும் சுமார் 35 மீட்டர் உயரம் நிற்கிறது. அந்த ஓட்டுக் குன்றின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.