சீருடையில் நிற்கும் மாமா

நம்முடைய சபைக் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது, சில வீடுகளின் முன்னறையில் சீருடை அணிந்த ஒருவரின் படம் மாட்டியிருப்பதைக் காண்கிறேன். இராணுவத்தில் பணியாற்றிய மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று பிள்ளைகளுக்கு அவரைக் காட்டுகிறார்கள். "பதக்கம் வாங்கினவர்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தப் படத்துக்கு அப்பால் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லவேண்டும் என்பதை இந்த வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். அதற்காக, கல்கத்தாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்திர லால் ராய் 1898 டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பத்தோடு லண்டனுக்குச் சென்று, அங்கே செயின்ட் பால்ஸ் பள்ளியில் பயின்றார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பிரிட்டிஷ் விமானப்படையில் சேர விண்ணப்பித்தபோது, கண்பார்வை போதாது என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். அந்த இளைஞர் தம் மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தப் பணத்தைக்கொண்டு பேர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். முதல் முடிவு மாற்றப்பட்டது. 1917-இல் அவர் படையில் சேர்ந்து, விமானியானார்.

அந்த ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் பிரான்சில் அவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று எண்ணிப் பிணவறையில் கிடத்தினார்கள் என்றும், நினைவு திரும்பி அவர் உள்ளிருந்து கதவைத் தட்டினார் என்றும் ஒரு கதை இன்றளவும் சொல்லப்படுகிறது. உயிர் தப்பியும் அவரால் உடனே பறக்க முடியவில்லை. உடல்தகுதி இல்லை என்று மருத்துவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஓய்விலிருந்த நாட்களில் அவர் விமானங்களைத் தாளில் வரைந்துகொண்டிருந்தார். மறுபடியும் பறக்க அனுமதி வேண்டி விடாமல் முறையிட்டார், கடைசியில் பெற்றும்கொண்டார்.

1918 ஜூன் மாதம் 40-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். ஜூலை 6 முதல் 19 வரை, 14 நாட்களுக்குள், 10 வான்வெற்றிகள் அவர் பெயரில் பதிவாயின. மூன்று நாட்கள் சென்று, ஜூலை 22-ஆம் நாள், வடபிரான்சில் கார்வின் என்னும் ஊரின் வானில் ஜெர்மானிய விமானங்களோடு நடந்த சண்டையில் அவர் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. டிஸ்டிங்குவிஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் என்னும் பதக்கம் செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆனால் அதை அணிந்துகொள்ள அவர் இல்லை.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று அவருடைய தாயை நினைத்துப் பாருங்கள். லலிதா ராய் தாமும் துணிவுள்ளவர். 1911-இல் லண்டனில் பெண்களின் வாக்குரிமைக்காக நடந்த பெரும் ஊர்வலத்தில் மற்ற இந்தியப் பெண்களோடு நடந்தவர். அவருடைய மூத்த மகன் பரேஷ் லால் ராயும் அதே போரில் பணியாற்றினார். மூத்தவர் உயிரோடு திரும்பி, பிற்காலத்தில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பெயர் பெற்றார். இளையவரோ எஸ்தேவெல் என்னும் சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டார். அந்நிய மண்ணில் கிடக்கும் அந்தக் கல்லறையின்மேல் அவருடைய தாய்மொழியான வங்காள எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அந்தக் குடும்பத்தில் அப்போது ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பெயர் சுப்ரதோ முகர்ஜி. தாய்வழியில் இந்திர லால் அவனுக்கு மாமா முறை. மாமாவைப்போல் தானும் பறக்கவேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஆனால் வழி திறந்திருக்கவில்லை. அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை விமானிகளாகப் பறந்த இந்தியர் நால்வர். இருவர் மாண்டனர், ஒருவர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். இவ்வளவு விலை கொடுத்திருந்தும், போர் முடிந்தபின் பல ஆண்டுகள் இந்தியருக்கு அந்தப் படையின் அதிகாரிப் பதவிகள் மறுக்கப்பட்டன. இருபதுகளின் பிற்பகுதியில் ஸ்கீன் குழு பரிந்துரை செய்த பின்னரே, 1930-இல் இந்திய இளைஞர் சிலர் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒருவர் சுப்ரதோ. 1932 அக்டோபர் 8-ஆம் நாள் இந்திய விமானப்படை தோன்றியபோது, அதன் முதல் விமானிகளுள் அவரும் ஒருவர். விடுதலைபெற்ற இந்தியாவில் 1954 ஏப்ரல் 1-ஆம் நாள் அந்தப் படையின் முதல் இந்தியத் தளபதியானார்.

ஏழு வயதில் மாமாவை இழந்த சிறுவன் 43-ஆம் வயதில் ஒரு தேசத்தின் விமானப்படைக்குத் தலைவரானார். ஒரு பதக்கம் மட்டும் ஒரு பிள்ளையை இவ்வளவு தூரம் நடத்திச் செல்லும் என்று நான் நினைக்கவில்லை. பதக்கம் பிள்ளைக்குப் பெருமையைத் தரும், வழியைக் காட்டாது. கண்பார்வை போதாது என்று தள்ளப்பட்டதும், விமானம் நொறுங்கியதும், தகுதியில்லை என்ற தீர்ப்பை எதிர்த்து விடாமல் முறையிட்டதும் அந்த மாமாவின் வாழ்க்கையே. கதவு அடைபட்டிருக்கும்போது எப்படி நிற்கவேண்டும் என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொள்ளுகிறார்கள்.

இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. அந்த 14 நாட்களில் வீழ்த்தப்பட்ட விமானங்களிலும் மனிதர் இருந்தார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். மாமா எப்போது வருவார் என்று கேட்ட பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால் நம்முடைய மாமாவின் வீரம் குறைந்துபோகாது. பிள்ளைகள் அவரைக் கனப்படுத்துவார்கள். ஆனால் போரை விரும்பமாட்டார்கள்.

ஆகவே அன்பானவர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகளை அந்தப் படத்தின் முன் உட்காரவையுங்கள். அவர் பெற்ற வெற்றியைச் சொல்லுங்கள். அவர் தள்ளப்பட்ட நாளையும், பயந்த இரவையும், அவருக்காகக் காத்திருந்த தாயையும் சொல்லுங்கள். வீட்டில் வயதான அத்தையோ பாட்டியோ இருந்தால், முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவர்களோடு போய்விடக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பிள்ளை அதை எவ்வளவு தூரம் சுமந்து செல்லும் என்பதை இன்று நாம் அறியோம்.