திரைப்பட உரையாடலில் இனப்பாகுபாடு

திரைப்பட உரையாடலில் இனப்பாகுபாடு என்பது விளிப்பு, விசாரிப்பு, பாராட்டு, வேடிக்கை ஆகிய அன்றாடப் பேச்சின் வழியே இன ஏற்றத்தாழ்வைப் புலப்படுத்தும் திரைக்கதை முறை. வெளிப்படையான வசவு இதற்குத் தேவையில்லை. அமெரிக்கப் படங்களில் இது தெளிவாகக் காணப்படுகிறது. இத்தகைய பேச்சை மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் 'மைக்ரோஅக்ரெஷன்' எனப் பெயரிட்டார். திரையில் அது அதற்கு முன்பே இடம்பெற்றிருந்தது.

நார்மன் ஜூவிசனின் 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' (1967) படத்தில், மிசிசிப்பிச் சிற்றூரின் காவல் தலைவர் பிலடெல்பியாவின் கறுப்பினத் துப்பறிவாளரைப் பையன் என்று விளிக்கிறார். துப்பறிவாளரின் கையிலுள்ள பணமும் ஐயத்துக்குக் காரணமாகிறது. இப்படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது.

ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' (1989) புரூக்ளின் பீட்சா கடையொன்றைச் சுற்றி நிகழ்கிறது. கறுப்பினத்தவரை வெறுக்கும், கடை உரிமையாளரின் மகன் பினோவுக்குப் பிடித்த விளையாட்டு வீரர், நடிகர், பாடகர் மூவரும் கறுப்பினத்தவரே என்பதை ஊழியர் மூக்கி கேள்விகளாலேயே வெளிக்கொணர்கிறார். அவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்பது பினோவின் சமாளிப்பு. இவ்வகைக்கு இதைவிடச் செறிவான காட்சி அரிது.

ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017) புகழுரையையே கருவியாக்குகிறது. கறுப்பின நாயகனிடம் காதலியின் தந்தை, ஒபாமாவுக்கு மூன்றாம் முறையும் வாக்களித்திருப்பேன் என்கிறார். விருந்தினர் டைகர் உட்சைப் புகழ்கின்றனர், நாயகனின் உடற்கட்டை வியக்கின்றனர். கேட்பவரின் புன்னகையும் மௌனமும் அண்மைக் காட்சிகளில் பதிவாகின்றன. இதன் திரைக்கதைக்காகப் பீல் ஆஸ்கர் பெற்றார்.