கணக்குக் கேட்பவர் அஞ்சாதிருக்க

பிறர் பணத்தைக் கையாள்கிறவர் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்பதை மறுப்பார் எவரும் இலர். ஆயின் அக்கணக்கைக் கேட்பவர் யார், அவரை வீட்டுக்கு அனுப்பும் உரிமை எவர் கையில் உள்ளது என்று வினவும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினாவோடு போராடிவரும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அப்போராட்டத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

சட்டத்தின் வழியாகவன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுத்தலாகாது. வரவு செலவுக் கணக்கு அவ்வப்போது வெளியிடப்படவேண்டும். அந்நாட்டின் அரசியலமைப்பு இவ்வாறு விதிக்கிறது. எனினும் 1921 வரை செலவுகளைச் சரிபார்க்கும் பணி கருவூலத் துறையிடமே இருந்தது. அரசின் கணக்கை அரசின் ஒரு துறையே பார்த்தது. முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. 1916இல் ஏறத்தாழ 120 கோடி டாலராக இருந்த தேசியக் கடன், 1919இல் 2,500 கோடியையும் தாண்டிற்று. இவ்வளவு பெருஞ்செலவை அரசைச் சாராத ஒருவர் ஆராயவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

1920இல் காங்கிரஸ் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதன் நோக்கத்தை வரவேற்றார். ஆயினும் ஒப்பமிட மறுத்தார். தலைமைத் தணிக்கையாளரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர் என்றால், நீக்கும் உரிமையும் அவருக்கே இருத்தல் வேண்டும் என்பது அவரது வாதம். மறு ஆண்டு ஜூன் 10ஆம் நாள், அடுத்த தலைவர் வாரன் ஹார்டிங் சட்டத்தில் ஒப்பமிட்டார். பொதுக் கணக்கு அலுவலகம் பிறந்தது. அதன் தலைவருக்குப் பதவிக்காலம் பதினைந்து ஆண்டுகள், மறுநியமனம் இல்லை. குடியரசுத் தலைவர் தம் விருப்பப்படி அவரை நீக்க இயலாது. மறுநியமனத்தை நாடி எவரையும் மகிழ்விக்க வேண்டிய தேவையும், பதவி பறிபோகுமோ என்னும் அச்சமும் ஒருசேர அகற்றப்பட்டன. இவ்விரு வேலிகளே அச்சட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

முதல் தலைவரான ஜான் மக்கார்ல் கண்டிப்புக்குப் பேர்போனவர். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் புதிய திட்டங்களின் செலவுகளையும் அவர் விடாது வினவினார். 1936இல் அவரது காலம் முடிந்தது. அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் நிலையான தலைவர் எவரும் நியமிக்கப்படவில்லை. அலுவலகத்தின் அதிகாரங்களைக் குறைக்கும் பரிந்துரை ஒன்று 1937இல் காங்கிரசின் முன் வந்தது, அது ஏற்கப்படவில்லை. காவலரை நீக்க முடியாத இடத்தில், அவரது இருக்கை வெறுமையாகவே இருந்துவிடலாம் என்னும் பாடத்தை அவ்வாண்டுகள் கற்பித்தன.

இரண்டாம் உலகப் போர் வேறொரு பாடத்தைப் புகட்டியது. செலவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதே அதுகாறும் நிலவிய முறை. போர்க்காலத்தில் அச்சீட்டுகள் கோடிக்கணக்கில் குவிந்தன. ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழ 15,000 ஆயிற்று. அப்படியும் வேலை தீரவில்லை. அன்றைய தலைவர் லிண்ட்சே வாரன் முறையையே மாற்றினார். சீட்டுகளைச் சரிபார்ப்பதைத் துறைகளிடமே ஒப்படைத்துவிட்டு, துறைகள் தம்மைத் தாமே கண்காணிக்கும் ஏற்பாடு செம்மையாக உள்ளதா என்று தம் ஊழியர்களை அங்கேயே சென்று ஆராயச் செய்தார். 1950ஆம் ஆண்டுச் சட்டம் இதனை உறுதிசெய்தது.

1967இல் இன்னும் ஆழமான வினா எழுந்தது. வறுமை ஒழிப்புத் திட்டங்கள் செம்மையாக நடத்தப்படுகின்றனவா, தம் குறிக்கோளை எட்டுகின்றனவா என்று ஆராயுமாறு காங்கிரஸ் பணித்தது. அப்போது தலைவராயிருந்தவர் எல்மர் ஸ்டாட்ஸ். ‘சட்டப்படி செலவானதா?’ என்ற கேள்வியோடு, ‘ஏழைக்குப் பயன் கிட்டியதா?’ என்ற கேள்வியும் சேர்ந்தது. சீட்டு சரியாக இருந்தும் பசி தீராதிருக்கக் கூடும் என்பதைத் தணிக்கை உணரத் தலைப்பட்ட காலம் அது.

எனினும் இவ்வலுவலகம் தன் ஆய்வு முடிவுகளைச் சொல்லலாம். அவற்றை நிறைவேற்றுமாறு துறைகளுக்கு ஆணையிட முடியாது. 1990இல், வீணடிப்புக்கும் முறைகேட்டுக்கும் எளிதில் இடந்தரும் 14 துறைப்பணிகளை அது பட்டியலிட்டது. அவற்றுள் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், படைக்கலக் கொள்முதல், நாசாவின் கொள்முதல் ஆகியவை 2025ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இடம்பெற்றன. 2004இல் ‘அரசுப் பொறுப்புடைமை அலுவலகம்’ எனப் பெயர் மாறியது; நோய்களுட் சில மாறவில்லை. கேட்க வேண்டியவர்கள் செவிசாய்க்காவிடில் மிகச் சிறந்த அறிக்கையும் அலமாரியில்தான் உறங்கும்.

துறைகளுக்குள்ளிருந்தே கண்காணிக்க, 1978ஆம் ஆண்டுச் சட்டம் தலைமை ஆய்வாளர்களை ஏற்படுத்தியது. ஆனால் இவர்களைச் சூழ்ந்த வேலி தாழ்வானது. குடியரசுத் தலைவர், காங்கிரசுக்குக் காரணம் தெரிவித்து இவர்களை நீக்கலாம். 1981இல் பதவியேற்றவுடன் ரொனால்ட் ரீகன் அனைவரையும் நீக்கினார்; எதிர்ப்பு எழவே, சிலரை மீண்டும் நியமித்தார். நீக்கத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2008இல் விதி வந்தது. ஆயினும் 2025 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் பதினேழு பேர் அளவில் ஒரே இரவில் நீக்கினார். அது சட்டமீறல் என்று அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு நீதிபதி கண்டார். எனினும் அவர்களைப் பதவியில் மீண்டும் அமர்த்தவில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கணக்குக் கேட்பவரிடம் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை. அச்சமின்றிக் கேட்கும் உரிமை ஒன்றே அவரது உடைமை. அவ்வுரிமையைச் சட்டம் வேலியிட்டுக் காக்கலாம். ஆனால் வேலி சாயும்போது அதனை நிமிர்த்துபவர்கள், பணத்திற்கு உரியவர்களான மக்களேயன்றி வேறெவர்? தம் சார்பில் வினவுகிறவர் வெளியேற்றப்படும்போது மக்கள் வாளாவிருப்பார்களாயின், அடுத்து வருபவர் மெல்லிய குரலில்தான் வினவுவார்.