நாயின் மொழியும் மனிதனின் பிழையும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் பழக்கிய விலங்குகளுள் காலத்தால் முந்தியது நாயே என்பது தொல்லியலாளர் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிபாகும். ஆடு, மாடு முதலியவற்றை அவன் வளர்க்கத் தலைப்படுமுன்னரே, வேட்டையாடித் திரிந்த காலத்திலேயே, நாய் அவனது அடுப்பருகே வந்துவிட்டது. 1914ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பொன் நகருக்கு அருகேயுள்ள ஓபர்காசெல் என்னுமிடத்தில் கல்லுடைக்கும் தொழிலாளர் கண்ட புதைகுழியொன்றில் ஓர் ஆணினதும் ஒரு பெண்ணினதும் எலும்புகளோடு நாயொன்றின் எலும்புகளும் இருந்தன. அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழைமை வாய்ந்தவை. அந்நாயின் பற்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, அது குட்டிப் பருவத்திற் கடும் நோயுற்றிருந்ததென்றும், மனிதரின் பராமரிப்பின்றி அது அவ்வளவு காலம் உயிர்தரித்திருக்க இயலாதென்றும் கருதுகின்றது. வேட்டைக்கு உதவாத நோயாளிக் குட்டியைப் பேணிய அம்மனிதர், அதன் முனகலையும் பார்வையையும் ஓரளவேனும் விளங்கிக்கொண்டோராதல் வேண்டும்.

இத்துணை நீண்ட உறவு இருந்தும், நாய் தன் உடலாலும் குரலாலும் எதனை உணர்த்துகின்றது என்னும் வினா அறிவியலின் வினாவாக உருப்பெற்றது கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்ளேயாம். அவ்வரலாறு நன்கு தொடங்கி, இடையிலே பெரும் பிழையொன்றினுள் வீழ்ந்து, பின்னர் மெல்ல மெல்லத் தன்னைத் திருத்திக்கொண்ட வரலாறாகும். அப்பிழை எவ்வாறு தோன்றியது, ஏன் நிலைத்தது, எவ்வாறு களையப்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாள்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் முறைபற்றிய நூலே இத்துறையின் தொடக்கமெனலாம். பகைமையுடன் அணுகும் நாய் உடலை நிமிர்த்தி, வாலை விறைப்பாக உயர்த்தி, மயிர் சிலிர்ப்பச் செவிகளை முன்னே நீட்டுகின்றது. வருபவன் தன் தலைவனே எனக் கண்டதும் உடல் தாழ்கின்றது. வால் இறங்கி அசைகின்றது. செவிகள் பின்னே சாய்கின்றன. எதிரெதிரான உணர்ச்சிகள் எதிரெதிரான உடல்நிலைகளால் வெளிப்படுகின்றன என டார்வின் இதனை விளக்கினார். அவர் நாயை அடக்க முனையவில்லை, அதனை அவதானித்தார். அவதானிப்பே முதல், முடிபு அதன் வழியது என்னும் அறிவியல் நெறி இங்கு தெளிவாகப் புலப்படுகின்றது.

எனினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாய்பற்றிய சிந்தனை வேறு திசைகளிற் சென்றது. ருஷ்ய உடற்றொழிலியலறிஞர் பவ்லோவ் தம் ஆய்வுகூடத்தில், உணவுக்கு முன் இடையறாது தரப்படும் ஒரு குறிப்பு நாளடைவில் தானே உமிழ்நீரைச் சுரக்கச் செய்வதை நிறுவினார். நாய் கற்கும் முறை இதனால் விளக்கம் பெற்றது. ஆயின், நாய் எதனைத் தெரிவிக்கின்றது என்பது அங்கு வினாவாக எழவில்லை. அதே காலப்பகுதியில், பிரஷ்யப் பொலிஸ் சேவையிற் பணியாற்றிய கொன்ராட் மொஸ்ட் 1910இல் நாய்ப் பயிற்சிபற்றிய கைநூலொன்றை வெளியிட்டார். வெகுமதியின் பயனை அவர் அறியாதவரல்லர். ஆயினும் மனிதனுக்கும் நாய்க்குமிடையிலான உறவை அவர் அதிகாரப் போட்டியாகவே கண்டார். அப்போட்டியில் மனிதன் வென்றேயாக வேண்டும் என்பது அவர் கொள்கை. படைமுகாமின் கட்டளை ஒழுங்கு நாய்க்கூட்டினுள்ளும் புகுந்ததென இதனைக் கொள்ளலாம். ஒரு சமூகம் தன்னுள் நிலவும் அதிகார உறவுகளை விலங்குகளின் மீதும் ஏற்றிக் காண்பது வியப்புக்குரியதன்று.

இக்கருத்துக்கு அறிவியற் போர்வை பின்னரே கிடைத்தது. 1920களின் தொடக்கத்தில் நோர்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே கோழிகளிடையே எது எதனைக் கொத்தலாம் என்ற வரிசை நிலவுவதை வெளியிட்டார். விலங்குக் கூட்டங்களில் மேல் கீழ் வரிசையைத் தேடும் நோக்கு அதனைத் தொடர்ந்து பரவலாயிற்று. இப்பின்னணியிலேயே சுவிற்சர்லாந்தின் பாசெல் விலங்கினக் காட்சிச்சாலையில் ஓநாய்களை அவதானித்த ருடோல்ஃப் ஷெங்கல் 1947இல் தம் ஆய்வை வெளியிட்டார். கூட்டத்தின் உச்சியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தம் முதன்மையை இடையறாது போராடிக் காக்கின்றன என்பது அவர் கண்ட முடிபாகும். அவரது அவதானிப்பிற் பிழையில்லை. அவதானித்த இடத்திலேயே பிழை இருந்தது. ஏறத்தாழ 10 மீற்றர் அகலமும் 20 மீற்றர் நீளமும் கொண்ட அடைப்பினுள் பத்து ஓநாய்கள் வரை வாழ்ந்தன. விலகிச் செல்ல இடமற்ற கூட்டில் விலங்கு கொள்ளும் நடத்தையே அதன் இயற்கை எனக் கொள்ளப்பட்டது. சிறைச்சாலையை மட்டும் கண்டவன் மனித குலத்தின் குடும்ப வாழ்வை வரையறுக்க முற்பட்டாற்போன்றது இது.

அமெரிக்க விலங்கியலறிஞர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய்பற்றிய நூல் இக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. ‘அல்பா’ என்னும் கிரேக்க எழுத்தின் பெயர் கூட்டத் தலைமையைக் குறிக்கும் சொல்லாக மக்கள் வழக்கிலும் நிலைபெற்றது. நாய் ஓநாயின் வழித்தோன்றல். ஓநாய் ஆதிக்கத்துக்காகப் போராடுவது. ஆகவே வீட்டு நாயும் வீட்டாரை ஆள முனைகின்றது என்னும் தருக்கம் பயிற்சியாளரிடையே வேரூன்றியது. நியூயோர்க் மாநிலத் துறவிமடமொன்றின் துறவிகள் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற பயிற்சி நூல், கீழ்ப்படியாத நாயை வலிந்து மல்லாத்திப் பிடித்து அடக்குமாறு அறிவுறுத்தியது.

இங்கு வரலாற்று முரணொன்று நோக்கற்பாலது. ஷெங்கலே 1967இல் எழுதிய மற்றோர் ஆய்வில், பணிவு என்பது நட்புறவை நாடி விலங்கு தானே மேற்கொள்ளும் முயற்சி என விளக்கியிருந்தார். மல்லாந்து படுக்கும் ஓநாயை எவரும் தள்ளி வீழ்த்துவதில்லை. அது தானாகவே படுக்கின்றது. விலங்கு மனமுவந்து பேசும் மொழியை, மனிதன் அதன் வாயிற் பலவந்தமாகத் திணிக்க முற்பட்டான். வலிந்து வீழ்த்தப்பட்ட நாய் அதனை உயிராபத்தாகவே உணரக்கூடும். அந்நிலையில் அது கடிப்பின், குற்றம் நாயினதன்று.

இப்பிழையைக் களைந்தவர் அதனைப் பரப்பியவரே என்பது இவ்வரலாற்றின் சிறப்பாகும். மெக் 1986 முதல் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைக் கோடைதோறும் அருகிருந்து அவதானித்தார். அங்கு அவர் கண்டது போர்க்களமன்று, குடும்பம். தாயும் தந்தையும் வழிநடத்தக் குட்டிகள் பின்தொடர்ந்தன; வளர்ந்தவை பிரிந்துசென்று தமக்கெனத் துணைதேடின. 1999இல் வெளியிட்ட கட்டுரையில், இயல்பான ஓநாய்க் கூட்டத்தின் பெற்றோரை ‘அல்பா’ என அழைப்பது பொருந்தாதென அவர் எழுதினார். தமது புகழுக்கு அடிகோலிய நூலையே அச்சிடாது நிறுத்துமாறு பதிப்பகத்தாரைப் பல்லாண்டுகள் வேண்டினார். 2022இலேயே அதன் அச்சு நின்றது. மேற்குறித்த துறவிகளும் 2002இல் வெளிவந்த திருத்திய பதிப்பில் மல்லாத்தும் முறையைக் கைவிட்டனர்.

பிழை விலகியதும் டார்வினின் வழி மீண்டும் திறந்தது. 1998இல் அங்கேரியாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே வெளிவந்த ஆய்வுகள், மனிதன் விரலாற் சுட்டும் திசையை நாய் விளங்கிக்கொள்கின்றதெனக் காட்டின. 2020இல் வெளியான ஆய்வொன்று, பயிற்சியேதும் பெறாத இந்தியத் தெருநாய்களும் இவ்வாற்றல் உடையவை என நிறுவியது. அலெக்சாந்திரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு மேலும் சிந்தனைக்குரியது. தவறிழைத்த நாயின் முகத்திற் ‘குற்றவுணர்வு’ தோன்றுகின்றது என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் உண்மையிலே தவறிழைத்ததோ இல்லையோ, தலைவன் கண்டிக்கும்போதே அம்முகம் மிகுதியாகத் தோன்றுகின்றது என அவர் கண்டார். அது நாய் தரும் ஒப்புதல் வாக்குமூலமன்று. கோபமுற்ற மனிதனுக்கு அது காட்டும் மறுமொழியே.

இவ்வரலாற்றை அறிவதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல் ஆகியன நாயின் மனக்கலக்கத்தின் அடையாளங்களாகலாம். ஆடும் வாலெல்லாம் நட்பின் வாலன்று. விறைத்து உயர்ந்து ஆடும் வால் எச்சரிக்கையாகவும் அமையலாம். உறுமல் விலகிச் செல்லுமாறு விடுக்கப்படும் வேண்டுகோளாகும். உறுமியமைக்காக அடிபட்ட நாய் அச்சத்தை விடுவதில்லை. உறுமுவதை மட்டும் விட்டுவிடக்கூடும். அடுத்த முறை அது முன்னறிவிப்பின்றியே கடிக்கலாம். கடிபடுவது பெரும்பாலும் அம்மொழியை அறியாத குழந்தையாக இருக்கும்.

ஓபர்காசெல் புதைகுழியின் மனிதருக்கு விலங்கியல் தெரியாது. நோயுற்ற குட்டியின் அருகே அமர்ந்து அதன் தேவையை அறிய அவர்கள் முயன்றிருப்பர். பிற்கால மனிதன் கட்டளையிடக் கற்ற அளவுக்குக் கேட்கக் கற்கவில்லை. கூண்டினுள் அடைத்து வைத்து ஓர் உயிரின் இயல்பை வரையறுப்போர், அவ்வுயிரைப்பற்றி அறிவதிலும் பார்க்கக் கூண்டைப்பற்றியே அதிகம் அறிகின்றனர். ஆய்வுத்துறையில் அடியெடுத்து வைப்போர், ஒரு முடிபை ஏற்குமுன் அது எந்த அடைப்பினுள் நின்று காணப்பட்டது என வினவுதல் வேண்டும். தாம் எழுதியதே பிழையெனக் காணுமிடத்து அதனை வெளிப்படையாக மறுக்கும் துணிவும் அவர்களுக்கு வேண்டும். மெக்கின் வாழ்க்கை தரும் பாடம் இதுவே.