‘சுகாதாரப் பௌதிகம்’: ஒரு பெயரின் பூர்வோத்தரம்

அமெரிக்க சர்வகலாசாலைகளில் அணுசக்திப் பொறியியலுக்கும் சுற்றுச்சூழல் பொறியியலுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது எப்போது என்று கேட்டால், எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர் தயங்காமல் 1971 என்பார். 1970-ஆம் ஆண்டின் முதல் நாளன்று கையொப்பமான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் அணுசக்தி ஆணையத்தையும் முழுமையாகக் கட்டுப்படுத்தும் என்று, கால்வர்ட் கிளிஃப்ஸ் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, அதுவரை உலைக்குள்ளேயே கண்ணோட்டியிருந்த பொறியியலார் வெளியே ஓடும் ஆற்றை ஏறிட்டுப் பார்த்தனர் என்பது அவர் சித்தாந்தம். அப்படியானால் யுத்தகாலத்துச் சிகாகோ அணு ஆய்வு நிலையத்திலேயே கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு வழங்கிய ‘ஹெல்த் பிசிக்ஸ்’ என்ற பெயருக்கு என்ன சமாதானம் என்று வினவினால், கதிர்வீச்சு என்ற பேச்சே வெளியில் கசியாதிருக்கும் பொருட்டுப் புனைந்த முகமூடி அது. அதில் ஆரோக்கியமும் இல்லை, அர்த்தமும் இல்லை என்று முடித்துவிடுவார்.

இந்த வியாக்கியானம் ஆதாரமற்றதன்று. அந்தப் பெயர் இரகசியத்துக்கும் உதவியது என்ற செய்தி பழைய ஊழியர் வாக்காகவே வந்திருக்கிறது. ஆயினும் உதவியது என்பது வேறு, அதற்காகவே பிறந்தது என்பது வேறு. முகமூடிப் பெயர் எப்படியிருக்கும் என்று அறிய அந்தச் சிகாகோ நிலையத்தின் பெயர்ப்பலகையே போதும்: ‘உலோகவியல் ஆய்வுக்கூடம்’. உலோகவியலுக்கென்று நிறுவாத இடத்துக்கு அப்பெயர். பார்ப்பவனை வேறு தொழிலின் வாசலுக்கு அனுப்பிவிடுகிறது. ‘ஹெல்த் பிசிக்ஸ்’ அப்படி எங்கும் அனுப்பவில்லை. 1942-இல் அவ்வாய்வுக்கூடத்தை நடத்திய பௌதிகர் ஆர்தர் காம்ப்டன், கதிரியக்க மருத்துவரான ராபர்ட் ஸ்டோனைத் தலைவராக்கி ஒரு சுகாதாரப் பிரிவை அமைத்தபோது, அதனுள் மருத்துவர்களோடு பௌதிகர்களும் இருந்தனர். சுகாதாரப் பிரிவின் பௌதிகர்கள் செய்வது சுகாதாரப் பௌதிகம். இவ்வளவு நேரான வழி இருக்க, வளைந்த வழியை முதலில் தேடுவானேன்?

தமிழில் சிந்திப்பவனுக்கு இங்கே ஒரு சிறு சௌகரியம் உண்டு. சாக்கடையும் குடிநீரும் பற்றிய ‘சானிட்டரி’ப் பொறியியலையும் நாம் சுகாதாரப் பொறியியல் என்றே சொன்னோம். ஆங்கிலத்தில் இரு வேறு சொற்களாகப் பிரிந்து நிற்பவை நம் மொழியில் ஒரே சொல்லில் வந்து அமர்கின்றன. மொழிபெயர்ப்பு வரலாற்றுப் பிரமாணம் ஆகாது என்பதை அறிவேன். ஆனாலும் எங்கே தேடவேண்டும் என்பதை அச்சொல்லே எனக்குக் காட்டிற்று.

தேடிப் போனால் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில், ஒயிட் ஓக் ஓடையின் குறுக்கே 1943-இல் எழுப்பிய சிறிய அணை எதிர்ப்படுகிறது. அங்கிருந்த அணு ஆய்வுக்கூடத்துக் கழிவுநீர் நேரே கிளிஞ்ச் ஆற்றில் விழாமல், இடையில் தேங்கி, வண்டல் அடியில் படிந்து, குறுகிய ஆயுளுள்ள கதிரியக்கம் தணிந்து, மேல்நீர் மட்டும் ஆற்றில் கலந்து நீர்த்துப்போக வேண்டும் என்பது ஏற்பாடு. கதிரியக்கம் தணிவது ஒன்றுதான் இதில் புதுமை. தேக்குவதும் படியவிடுவதும் நீர்க்கச்செய்வதும் நகரசபைக் கழிவுநீர்க்காரன் பன்னெடுங்காலமாகச் செய்து வந்தவை. அவ்வணையைத் திட்டமிட்டவர்கள் சுகாதாரப் பொறியியல் கற்றவர்களா, அல்லது பௌதிகர்களே இரவல் யுக்தியாக அதைக் கொண்டார்களா என்பதை நான் நிர்ணயிக்கத் துணியேன். இரவல் என்றே வைத்துக்கொண்டாலும், கொடுத்த வீடு எது என்பதில் ஐயமில்லை.

கல்விச் சாலைகளின் கதையைச் சுருக்கியே சொல்லலாம். வட கரோலினா மாநிலக் கல்லூரி 1950-இல் அணுப் பொறியியல் பாடத்திட்டத்தைத் தொடங்கி, 1953-இல் ராலேயில் தன் சொந்த உலையை இயக்கிற்று. கல்லூரி வளாகமொன்றில் இயங்கிய முதல் ஆராய்ச்சி உலை அது. மறுபுறம், குடிநீரில் குளோரின் கலக்கும் அளவை 1919-இல் லின் என்ஸ்லோவுடன் சேர்ந்து வரையறுத்தவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சுகாதாரப் பொறியியல் போதித்தவருமான ஏபெல் வோல்மன், அணுசக்தியின் அமைதிப் பயன்கள் பற்றிய 1955-ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டுக்கு ஆர்தர் கார்மனுடன் எழுதியளித்த கட்டுரையின் பொருளே கதிரியக்கக் கழிவுகளின் நிர்வாகமும் அகற்றலுமாகும். என் பேராசிரியர் குறித்த ஆண்டுக்குப் பதினாறாண்டுகள் முந்தியது இது.

‘சுகாதார’ என்ற அடைமொழி ‘சுற்றுச்சூழல்’ என மாறியதற்கு ஒரே ஆண்டைச் சொல்ல இயலவில்லை. நம் நாட்டில் 1958-இல் தோன்றிய நாகபுரி மத்தியப் பொதுச்சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1974-இல்தான் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையமாயிற்று. ஆனால் பெயர் மாறுமுன் பொருள் மாறிவிடுவதுண்டு. ஜெனீவா மாநாடு நடந்த அதே 1955-இல், முன்சொன்ன அணை தேக்கிய ஒயிட் ஓக் ஏரியின் நீர் வடிக்கப்பட்டது. வெளிப்பட்ட சேற்றுப்படுகையில் தாமே முளைத்த செடிகளும் அவற்றைத் தின்ற பூச்சிகளும் எவ்வளவு கதிரியக்கத்தை ஏற்றுக்கொள்கின்றன என்று அளக்க, ஓக் ரிட்ஜின் உயிரியலார் அந்தச் சேற்றில் இறங்கினர்.