கணினிக் குளிர்விப்புப் பாகங்கள்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கான தேர்வு

கணினிக்குள் ப்ராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றில் உண்டாகும் வெப்பத்தை அறைக் காற்றில் கொண்டு சேர்ப்பவை குளிர்விப்புப் பாகங்கள். ஹீட் சிங்கும் ஃபேனும் சேர்ந்த கூலர், கேபினட் ஃபேன்கள், தெர்மல் பேஸ்ட், தூசி வலை, லிக்விட் கூலர் எல்லாம் இதில் அடங்கும். கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘எத்தனை வாட் தாங்கும்?’ என்று. ஏசி அறைக்கு அந்தக் கேள்வி ஓரளவு போதும். கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வரை நீளும் கடலோரத்தில் முதலில் கேட்க வேண்டியவை வேறு. கேபினட்டுக்குள் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது? அதோடு சேர்ந்து என்ன வருகிறது? ஃபேனில் இருப்பது என்ன பேரிங்? வாட் கணக்கு இவற்றுக்குப் பிறகுதான். ஓசையும் வண்ண விளக்கும் கடைசி.

வட்டாரத்தின் காற்று

கோடையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓயாமல் வீசி, நண்பகல் கடந்தும் கடற்காற்று ஊருக்குள் ஏறாத நாள்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. கடற்காற்று ஏறியதும் சூடு தணியும், ஈரம் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கும்.

ஈரம் தனியாக வந்தால் பெரிய சேதமில்லை. இங்கே அது உப்போடு வருகிறது. சமையல் உப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியும். மதர்போர்டின் மேல் படிந்த தூசியில் உப்பு கலந்திருந்தால் மழைக்காலத்தில் அந்தத் தூசி மின்சாரம் கடத்தும் மெல்லிய ஈரப் படலமாகிவிடும். தேவனாம்பட்டினத்திலோ கடலூர் முதுநகரிலோ சில ஆண்டுகள் ஓடிய கேபினட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாலே இது தெரியும். கார்டுகளை முடுக்கும் திருகுகளின் தலையில் செந்துரு பூத்திருக்கும். கூலரின் செம்பு அடித்தகட்டின் ஓரம் பச்சை பிடித்திருக்கும். ஃபேன் இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் தூசி ஊதினால் பறக்காது, துடைத்தால்தான் வரும்.

அலையிலிருந்து தெறிக்கும் உப்பில் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் ஓரிரு கிலோமீட்டருக்குள்ளேயே படிந்துவிடும். அதனால் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் சிதம்பரத்துக்கு உப்புத் தொல்லை குறைவு. அங்கே வேறொரு எதிரி உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கியதும் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் ஊருக்குள் வரும். ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே இவை கம்பளி போலப் படிந்து, காற்றையே உள்ளே விடாது.

கடலூர்–சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டிய சிப்காட் பகுதி இன்னொரு வகை. குடிகாடு, ஈச்சங்காடு சுற்றுவட்டார மக்கள் வேதி ஆலைகளிலிருந்து வரும் நாற்றம் குறித்து நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு, செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும் வாயு. மின்னணுக் கருவிகள் இருக்கும் அறைகளை வகைப்படுத்தும் ஐஎஸ்ஏ 71.04 தரநிலை, ஒரு மாதத்தில் செம்புத் தகட்டில் படியும் அரிப்பை அளக்கிறது. 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இருந்தால் அறை பாதுகாப்பானது. 2,000 ஆங்ஸ்ட்ராமை எட்டினால் மிகக் கடுமையானது. இத்தகைய இடங்களில் நிக்கல் முலாம் பூசிய அடித்தகடும் ஹீட் பைப்புகளும் உள்ள கூலருக்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுப்பது வீண் செலவல்ல.

காற்று வழி

எந்தக் கூலரும் ப்ராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. லிக்விட் கூலரும் அப்படித்தான். அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதே அதன் திறமை. 45 டிகிரி உயர்வில் நிறுத்தும் கூலர், 26 டிகிரி ஏசி அறையில் ப்ராசசரை 71-இல் வைக்கும். 38 டிகிரி மேமாத அறையில் 83-இல் வைக்கும். இணையத்தில் காணும் சோதனை முடிவுகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறைகளில் எடுத்தவை. மஞ்சக்குப்பத்து மாடி அறைக்கு அவற்றோடு 13 முதல் 18 டிகிரியைக் கூட்டிக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

இதில் ‘அறை’ என்பது கூலரைச் சுற்றியுள்ள காற்று, அதாவது கேபினட்டின் உட்காற்று. 300 வாட் வெப்பம் உண்டாகும் கேபினட்டில், உள்ளே வரும் காற்று வெளியேறும்போது 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க நிமிடத்துக்குச் சுமார் 53 கன அடி காற்று ஓட வேண்டும். 120 மி.மீ. ஃபேன் ஒன்றின் அட்டைப் பெட்டியில் இதைவிட அதிகமான எண் அச்சாகியிருக்கலாம். அது முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. கண்ணாடி முகப்பும் தூசி வலையும் குறுக்கே வந்தால் அதில் பாதி கிடைப்பதே அரிது. எனவே இங்கே முதல் பணத்தை வலை முகப்புள்ள கேபினட்டில் போட வேண்டும். முன்பக்கம் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியேற்றுவது நல்ல ஏற்பாடு. உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடக் கூடுதலாக இருந்தால், இண்டு இடுக்கெல்லாம் காற்று வெளியே கசியும். தூசி வலை வழியாக மட்டுமே நுழைய முடியும். நைலான் வலை சுணையையும் தூசியையும் பிடிக்குமே தவிர நுண்ணிய உப்புத் துகளைப் பிடிக்காது. கடலைப் பார்த்த ஜன்னலருகே கணினியை வைக்காமல் இருப்பதுதான் அதற்கு வழி.

காசில்லாமல் செய்யக்கூடிய திருத்தம் ஒன்று உண்டு. நம் ஊர்க் கணினி மேசைகளில் ‘சிபியு’ வைக்க மூன்று பக்கமும் அடைத்த ஒரு பொந்து இருக்கும். அதற்குள் வைத்த கணினி, தான் வெளியேற்றிய சூட்டையே திரும்ப இழுக்கிறது. பெட்டியை அங்கிருந்து எடுத்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் கிடைக்கும் பலன், பல வேளை புதுக் கூலர் தரும் பலனைவிட அதிகம். தரையில் வைக்காமல் சிறு பலகை மேல் ஏற்றினால் தூசியும் குறையும். 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு மற்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபேனும் பேரிங்கும்

மலிவான ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். அதன் எண்ணெய் சூட்டில் வற்றும். தூசி உள்ளே போனால் காலையில் ஆன் செய்ததும் கரகரவென்று சத்தம் வரும். படுக்கை வாட்டில் மாட்டினால் இன்னும் சீக்கிரம் தேயும். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்கோ இரட்டை பால் பேரிங்கோ உள்ளது இந்தச் சூட்டுக்கு ஏற்றது. அட்டையில் போட்டிருக்கும் ஆயுள் மணிநேரத்தை நம்புவதற்கு முன் அது எத்தனை டிகிரியில் கணக்கிட்டது என்று பார்க்க வேண்டும். 25 டிகிரிக்குச் சொன்ன ஆயுள் நம் கேபினட்டுக்குள் கிடைக்காது. வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் நான்கு பின் பிடபிள்யூஎம் ஃபேனே வாங்கத் தக்கது.

டெசிபெல் கணக்குக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை இந்த வட்டாரத்தில் பரிந்துரைக்க முடியாது. தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடும் அறையில் 22 டெசிபெல்லுக்கும் 26 டெசிபெல்லுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழாது.

காற்றுக் கூலர், லிக்விட் கூலர்

65 வாட் என்று குறிக்கப்பட்ட இன்டெல் ஐ5-12400, வேகம் கூட்டும்போது 117 வாட் வரை இழுக்கும். ஐ9-13900கே 253 வாட் வரை போகும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் சிறிய எண்ணை விட்டு, உச்ச எண்ணைப் பார்த்தே கூலர் வாங்க வேண்டும். கல்லூரி மாணவர், அலுவலகம், டிடிபி கடை ஆகியோருக்குத் தேவைப்படும் ப்ராசசர்களுக்கு 120 மி.மீ. ஃபேன் வைத்த ஒற்றை டவர் கூலர் தாராளம். டீப்கூல் ஏகே400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 இந்த வகை. இவற்றின் உயரம் ஏறத்தாழ 155 மி.மீ., குறுகலான பழைய கேபினட்டில் பக்கக் கதவு மூடாது. வாங்கும் முன் டேப் வைத்து அளப்பதும், ஏஎம்4, ஏஎம்5, எல்ஜிஏ1700 என்ற சாக்கெட் பெயரைச் சரிபார்ப்பதும் கட்டாயம்.

லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் எல்லாம் நின்றது. குழாய்ச் சுவர் வழியாக நீர் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகும். வீட்டில் வைத்து நிரப்ப வழியிராது. சென்னைக்கு அனுப்பி மாற்றி வாங்கும்வரை கணினி சும்மா கிடக்கும். டவர் கூலரில் ஃபேன் போனால், பாண்டிச்சேரியிலோ உள்ளூரிலோ கிடைக்கும் எந்த 120 மி.மீ. ஃபேனையும் மாட்டி அன்றைக்கே ஓட்டலாம். 250 வாட் இழுக்கும் ப்ராசசரில் மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவரைத் தவிர மற்றவருக்கு இங்கே காற்றுக் கூலரே சரி.

தெர்மல் பேஸ்டில் பிராண்டுக்கு பிராண்டு வித்தியாசம் சில டிகிரிதான். அதைவிடக் கூலரைச் சரியாக மாட்டுவது முக்கியம். இன்டெல் ஸ்டாக் கூலரின் நான்கு புஷ் பின்களில் ஒன்று பிடிக்காமல் நின்றாலே ப்ராசசர் 100 டிகிரியை எட்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதர்போர்டின் பின்புறம் நான்கு முனைகளும் வெளியே வந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

ஈரமும் ஏசியும்

28 டிகிரியில் 90 விழுக்காடு ஈரமுள்ள காற்று, கேபினட்டுக்குள் 38 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 51 விழுக்காடாக இறங்கிவிடும். அதாவது ஓடுகிற கணினி தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது. மூடிக் கிடப்பதுதான் அரிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பின் இந்த மாவட்டத்தில் நடந்ததுபோல் மின்சாரம் நெடுநாள் இல்லாமல் போனால், கரண்ட் வந்ததும் ஆன் செய்யாமல் உலர்ந்த துணியும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ரேமைக் கழற்றி அதன் முனைகளை அழிரப்பரால் தேய்த்துப் போட்டால் ஓடும் என்று சர்வீஸ்காரர்கள் செய்வது இந்த ஈரத்துக்கான வைத்தியம்தான்.

ஏசி அறைக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. கடலோரத்தில் 32 டிகிரியில் 75 விழுக்காடு ஈரமிருந்தால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 27 டிகிரி. 24 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் கணினி அறையில், ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் உலோகப் பரப்பில் நீர் வியர்க்கும். ஏசியை நிறுத்திய பின் அறை தானாகச் சூடேறும்வரை ஜன்னலை மூடியே வைக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் காலம்

அறுவடைத் தூசி அடங்கி வெயில் ஏறும் முன் பங்குனியில் ஒருமுறை, மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை ப்ளோயர் பிடித்தால் போதும். கரையோர வீடுகளில் ஃபேன் இறக்கைகளை லேசாக நனைத்த துணியால் துடைத்து உலர விட வேண்டும். ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேனை விரலால் நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் பேரிங் கெடும். கேபினட் வாங்கும்போதே கையால் கழற்றக்கூடிய வலையுள்ளதாகப் பார்த்து எடுத்தவர் இந்த வேலையைக் கால்மணி நேரத்தில் முடித்துவிடலாம்.